ஒரு பாட்டில் மையும் முப்பத்தொரு கையெழுத்தும்

சோணைமுத்துவின் மனைவி வள்ளித்தாய் ஆவணிக் கடைசியில் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆமத்தூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை எதுவும் இல்லை. விருதுநகரிலிருந்து ஆமத்தூர், சிவகாசி வழியாகச் சாத்தூர் போகும் பஸ் அச்சங்குளத்தில் நிற்பதில்லை என்பதுதான் காரணம். ஊரைத் தாண்டி ஒன்றரை மைல் ஓடி, ஒரு பாலத்தருகே இறக்கிவிடுவார்கள். ஒருநாள் உச்சி வெயிலில் தலையில் அரிசி மூட்டையோடு அந்த ஒன்றரை மைலைத் திரும்பி நடந்து வந்த வள்ளித்தாய், மூட்டையை இறக்கி வைத்தாள். ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். மறுநாள் காலை கிளம்பினாள்.

“எங்க ஊர்ல களுதை குறுக்க நின்னாக்கூட பஸ்ஸு நிக்குது. இங்கன மனுசி கை காட்டினா நிக்கல. என்னைக்கு நிக்குதோ அன்னைக்குச் சொல்லிவிடுங்க, வாரேன்” என்றாள்.

இது 1959இல். சோணைமுத்து அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுபவர். அவருடைய அப்பா பிறர் காட்டில் கூலிக்கு உழுதவர். எட்டாவது வரை படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அந்தத் தெருவில் சோணைமுத்துதான். அதனால் அவர் தன் நாற்காலியைவிடத் தன் பேனாவையும், பேனாவைவிடத் தன் மை பாட்டிலையும் மதித்தார்.

மை வாங்க விருதுநகர் கடைத்தெருவுக்கே போவார். புளூ பிளாக், இரண்டு அவுன்ஸ். கடைக்காரர் எடுத்துத் தரும் முதல் பாட்டிலை வாங்கமாட்டார். ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்து, தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் கசடு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். ஐந்தாவது பாட்டிலுக்கு மேல் கடைக்காரருக்குப் பொறுக்காது.

“இங்க் வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா?”

“பொண்ணு பாக்கும்போது இம்புட்டு நேரம் எடுக்கலண்ணே” என்பார் சோணைமுத்து.

கந்தக பூமியின் சூட்டில் மை சீக்கிரம் வற்றி, மேலே ஆடை கட்டிவிடும். அதற்காக ஒரு மண்சட்டியில் ஈரமணலைக் கொட்டி, பாட்டிலைக் கழுத்து வரை புதைத்து வைத்திருந்தார். மூடிக்குள் சைக்கிள் டியூபில் வட்டமாக வெட்டிய ரப்பர். பேனாவுக்கு ஊற்றும்போது மை உறிஞ்சும் பில்லரில் ஏறிய மை மிஞ்சினால் திரும்பப் பாட்டிலில் விடமாட்டார். வேறு சின்னக் குப்பியில் சேர்த்து வைத்து, கடன் கேட்டு வருகிறவர்களுக்கு அதிலிருந்து கொடுப்பார்.

வள்ளித்தாய் போன மறுவாரமே சோணைமுத்து அச்சங்குளத்துக்கு ஒரு பஸ் ஸ்டாப் கேட்டு மனு எழுதத் தீர்மானித்தார். பஸ் ரூட்டுகளைக் கவனிக்கும் அதிகாரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை விருதுநகர் அரசு பங்களாவில் வந்து தங்கி மனு வாங்குவார். அடுத்த முறை அவர் வருவது விஜயதசமிக்கு மறுநாள். இதை விட்டால் பங்குனிதான். அதுவரை கேப்பைக் கூழைத் தானே கிண்டிக் குடிக்க வேண்டும் என்ற எண்ணம் சோணைமுத்துவை வேகமாக எழுத வைத்தது. ஒரு முழுத்தாளில் முக்கால் பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல், சுத்தமான மையில் எழுதி முடித்தார். கையெழுத்துக்காகக் கீழே கால் பக்கம் விட்டிருந்தார்.

கைநாட்டு வைத்த மனுவை யாரும் படிப்பதில்லை என்பது அவருடைய கருத்து. ஆகவே வேலை முடிந்ததும் மூன்று வாரம் முப்பது பேருக்கு அவரவர் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொடுத்தார். முதன்முதலாகத் தாளில் எழுதுவதற்கு விஜயதசமியைக் குறித்தார். அன்று எழுதினால் எழுத்து நிலைக்கும்.

இடையில் ஆயுதபூஜை வந்தது. கம்பெனி முதலாளி இந்த விஷயத்தில் கண்டிப்பானவர். சல்லடை, மரச்சுத்தியல், தராசு, பானைகள், லாரி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னார். ஆபீஸ் அறையில் கணக்குப் புத்தகங்களின் மேல் மை பாட்டிலையும் பேனாவையும் வைத்தார்கள். முதலாளி பார்த்துவிட்டு, “என்னப்பா, மூடி போட்டு வச்சிருக்க? சரஸ்வதி எந்த வழியா உள்ள போவா?” என்று கேட்டு, மூடியைத் தானே திருகி எடுத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது. ஒரு பகல், ஓர் இரவு, குத்துவிளக்குச் சூட்டில் பாட்டில் வாய் திறந்து நின்றது. விஜயதசமி காலையில் சோணைமுத்து எட்டிப் பார்த்தபோது இரண்டு விரல் உயரம் இருந்த மை அரைவிரலாகி, தார் போலக் கிடந்தது. அதில் ஊதுவத்திச் சாம்பல் வேறு.

வெளியே முப்பது பேர் குளித்துத் திருநீறு பூசி வரிசையில் நின்றார்கள். கடன் கொடுத்துக் கொடுத்துச் சின்னக் குப்பியும் காலி. விருதுநகர் போய்ப் புது மை வாங்கி வர நேரமில்லை. தண்ணீர் ஊற்றிக் கலக்குவது என்று முடிவு செய்தார்.

ஆபீசுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இரண்டு பானைகள் உண்டு. ஒன்று குடிதண்ணீர். இன்னொன்று கருப்பம்மாளின் பானை. அவள் திரி நனைக்கிறவள். வெடியுப்பைக் கரைத்து, அந்தத் தண்ணீரில் திரியை ஊறப்போட்டுக் காயவைப்பது அவள் வேலை. உப்புத் தண்ணீரை யாரும் தெரியாமல் குடித்துவிடக்கூடாது என்று அந்தப் பானைக்கு மட்டும் பெரிய சிவப்புப் பொட்டு வைத்திருப்பார்கள். பொட்டு வைத்த பானையைக் கம்பெனியில் யாரும் தொடமாட்டார்கள். ஆனால் அன்று இரண்டு பானைக்கும் பொட்டு இருந்தது. தராசுக்கும் லாரிக்கும் காவல்காரர் நெற்றிக்கும்கூட இருந்தது. சோணைமுத்து கைக்கு அருகில் இருந்த பானையில் டம்ளரை விட்டு மொண்டார்.

மை நன்றாகத்தான் கரைந்தது. கொஞ்சம் நீர்த்து, தாளில் ஊறிப் பரவியது, அவ்வளவுதான்.

தன் பேனாவை அவர் யாரிடமும் தரவில்லை. கட்டைப் பேனாவைத் தொட்டுத் தொட்டு எழுத வைத்தார். முதலில் கையெழுத்துப் போட்டவர் மொக்கைச்சாமி. அறுபது வயது, ஒரு ஏக்கர் கரிசல் காடு சொந்தமாக உள்ளவர். பெயரை எழுதி முடித்ததும் அதன் அடியில் தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கோடு இழுத்தார்.

“எதுக்கு மாமா கோடு?” என்று கேட்டார் சோணைமுத்து.

“மொதலாளி கையெளுத்துல கோடு இருக்குல்ல? கோடு இல்லாட்டி அது வெறும் பேருலே.”

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கோடு போட்டார்கள். இடமோ கால் பக்கம். ஒருவர் கோட்டின்மேல் இன்னொருவர் பெயர் உட்கார்ந்தது. ஒருவர் கொம்பு அடுத்தவர் காலில் இடித்தது. கோட்டைச்சாமி மட்டும் கீழே வலது மூலையில் தனியாக, கோடும் இல்லாமல் போட்டார். அவருக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட கருப்பணனோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

“அவன் பேரு எம் பேரைத் தொடக்கூடாது” என்று சொல்லிவிட்டார். கடைசியாக சோணைமுத்துவும் அதே கட்டைப் பேனாவால் கையெழுத்திட்டார். மொத்தம் முப்பத்தொன்று.

மறுநாள் சோணைமுத்து, மொக்கைச்சாமி, கருப்பம்மாள், கோட்டைச்சாமி நால்வரும் பாலம்வரை நடந்துபோய் பஸ் பிடித்து விருதுநகர் சேர்ந்தார்கள். பங்களா வாசலில் ஆண்டிச்சாமி என்ற ஹெட் கிளார்க் மனுவை வாங்கி, தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, நம்பர் போட்டார். பிறகு உள்ளே அனுப்பினார்.

அதிகாரி சிகரெட் பிடித்துக்கொண்டே மனு படிக்கிறவர். முக்கால் பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். “கையெழுத்து அழகா இருக்கே. யார் எழுதினது?” என்று கேட்டார். சோணைமுத்துவுக்கு வள்ளித்தாய் பஸ்ஸைவிட்டு இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது சிகரெட்டின் நுனி உடைந்து, கங்கோடு மொக்கைச்சாமியின் கோட்டில் விழுந்தது.

அதிகாரி அதைத் தட்டிவிட்டார். ஆனால் கோடு பற்றிக்கொண்டது. தீ எரியவில்லை. கடுகு அளவு சிவப்புப் புள்ளி ஒன்று மெல்லச் சீறிக்கொண்டு, நூல் போலப் புகைவிட்டு, கோட்டின்மேல் நடந்தது. மொக்கைச்சாமி என்ற பெயருக்குள் ஏறி, ஒவ்வோர் எழுத்தாகச் சுற்றி வந்து, அடுத்த பெயருக்குத் தாவியது. எழுத்து இல்லாத இடத்தில் தாள் கருகக்கூட இல்லை.

அச்சங்குளத்துக்காரர்கள் நால்வரும் யாரும் சொல்லாமலேயே ஐந்து அடி பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“என்னய்யா இது?” என்றார் அதிகாரி, தாளைக் கீழே போடவும் தோன்றாமல்.

“சத்தம் வருமான்னு பாக்கோம், அய்யா” என்றார் மொக்கைச்சாமி.

சத்தம் வரவில்லை. புள்ளி இரண்டாவது வரிசைக்கு இறங்கியது. கருப்பம்மாள் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவள் முகத்தில் மெதுவாக ஒரு பெருமை வந்தது.

“ஏலே சோணை, இது என் தண்ணில்ல! பாரு, எங்கனயாச்சும் நின்னுச்சா? ஒரே சீரா போகுது.”

“அத்தே, சும்மா இரு.”

“என்னத்தச் சும்மா இருக்க? சீசன்ல திரி அணையுது அணையுதுன்னு முதலாளி வையிறாரு. அவரைக் கூப்பிட்டுக் காட்டணும்.”

புள்ளி, எரிந்ததில் முப்பதாவது பெயரான சோணைமுத்துவை முடித்துக்கொண்டு அணைந்தது. கால் பக்கம் சல்லடையாகிவிட்டது. எழுத்துகளின் நடுவில் இருந்த வட்டங்கள் பொலபொலவென்று மேசைமேல் உதிர்ந்தன. வலது மூலையில் கோட்டைச்சாமி மட்டும் நீலமாக, முழுசாக இருந்தார்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். “இப்ப இதில் கையெழுத்து இருப்பது ஒருத்தருக்குத்தான். ஒருத்தருக்காக எப்படி பஸ்ஸை நிறுத்தச் சொல்வது?”

“நிறுத்துங்க அய்யா. நான் தெனமும் ஏறிக்கிடுதேன்” என்றார் கோட்டைச்சாமி. மொக்கைச்சாமி அவரை முறைத்தார்.

“புதுசா கையெழுத்து வாங்கி அடுத்த முகாமுக்குக் கொண்டு வாங்க. பங்குனியில் வருவேன்.”

சோணைமுத்து வாயைத் திறந்தார். மனுவில் எழுதாத ஒரே விஷயம் வெளியே வந்தது. “அய்யா, என் சம்சாரம் ஆமத்தூர்ல இருக்கா. பஸ்ஸு நின்னாத்தான் வருவேன்னுட்டா.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். “சட்டம் என்று ஒன்று இருக்கே, தம்பி. ஆண்டிச்சாமி, இதைக் கோப்பில் வையுங்க.”

ஹெட் கிளார்க் ஆண்டிச்சாமி தாளின் ஒரு நுனியை மட்டும் இரண்டு விரலால் தூக்கி, மூலையில் இருந்த நீலக் கையெழுத்தைப் பார்த்தார். “இது மட்டும் இன்னும் பத்திக்கலையே, சார்?”

கருப்பம்மாள் சோணைமுத்துவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு மிகவும் அடக்கமாகச் சொன்னாள்:

“மளைக்காலத்துல ஒண்ணும் பண்ணாதுங்க. சித்திரை வெயில்ல தானாப் பத்திக்கிடும். பக்கத்துல தாளு இருந்தா, அதையும் சேத்து இளுத்துக்கிடும்.”

இது முழுப் பொய். இருபது வருஷமாகத் திரி நனைக்கிறவளுக்கு அது தெரியும். ஆண்டிச்சாமிக்குத் தெரியாது. அவர் தாளை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“சார், ரெக்கார்டு ரூம்ல பதினெட்டு வருஷத்துப் பேப்பர் இருக்கு. என் பொறுப்புல இதை அங்கே வச்சுப் பூட்ட முடியாது.”

“திருப்பிக் கொடுத்திடுங்க.”

“நம்பர் போட்டாச்சே. நம்பர் போட்ட மனு உத்தரவு இல்லாமல் வெளியே போகக்கூடாது.”

“தலைமை ஆபீசுக்கு அனுப்பிடுங்க.”

“வெடி சாமான் தபாலில் எடுக்கமாட்டாங்க, சார்.”

அதிகாரி புது சிகரெட் ஒன்றை எடுத்தார், மேசையைப் பார்த்தார், திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். “என்னதான் செய்யணும்ங்கிறீங்க?”

“உத்தரவு போட்டுட்டா, மனுவையும் சேத்து பஸ் கம்பெனிக்குக் கையோட கொடுத்துடலாம். அப்புறம் அவங்க பாடு.”

அதிகாரி தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எதிர்ச்சுவரில் முப்பது பெயர்கள் வெளிச்சமாக விழுந்தன. மொக்கைச்சாமி கிட்டே போய்த் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். “கோடுகூட இருக்கு, அய்யா” என்றார்.

“படிக்க முடியுது. கையெழுத்து இருக்குன்னே எடுத்துக்கலாம்” என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். மூன்று மாதத்துக்குச் சோதனையாக அச்சங்குளத்தில் பஸ் நிற்கவேண்டும் என்று எழுதினார். எழுதுமுன் தன் மை பாட்டிலை எடுத்து ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டார். பஸ் கம்பெனியில் அந்த மனுவைத் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருந்ததாகக் கேள்வி.

ஐப்பசி பிறந்ததும் பஸ் அச்சங்குளத்தில் நின்றது. சோணைமுத்து ஆமத்தூருக்குச் சொல்லியனுப்பியிருந்தார். முதல்நாள் வெள்ளைச்சட்டை போட்டுப் போய் நின்றார். இரண்டு மூட்டையும் ஒரு கோழியும் இறங்கின. இரண்டாம் நாள் கருப்பணன் மட்டும் இறங்கினார். மூன்றாம் நாள் யாரும் இறங்கவில்லை, கண்டக்டர் அவரைப் பார்த்து, “நீங்க ஏறணுமா, இல்ல சும்மா நிக்கீகளா?” என்று கேட்டார்.

நான்காம் நாள் வள்ளித்தாய் தகரப்பெட்டியோடு இறங்கினாள். இறங்கியதும் அவரைப் பார்க்கவில்லை. பஸ் கிளம்பிப் போவதை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

“மொத நாளே வந்திருக்கலாம்ல?” என்றார் சோணைமுத்து. “மூணு நாளா வெயில்ல நிக்கேன்.”

“மொத நாளு யாருக்குன்னாலும் நிறுத்துவான். தெனமும் கண்டக்டர்ட்ட கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். நேத்து ஆளு யாரும் இறங்காட்டியும் நிறுத்துனேன்னு சொன்னான். அதான் வந்தேன்.”

பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.