பட்டி போட்ட கார்

பல் டாக்டர் ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே நோயாளி, ஷெட்டில் நின்ற பழைய கார்தான். தினமும் காலையில் பானெட்டைத் திறந்து உள்ளே பார்ப்பார், "ம்ம்" என்பார், மூடிவிடுவார்.

அவர் மனைவியின் சின்ன கார் தெருவில் மரத்தடியில் நின்றது. அந்த மரத்துப் பறவைகளுக்கு அவள்மீது என்ன ஜென்மப் பகையோ, ஒருநாள்கூட கண்ணாடியைச் சும்மா விட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் ஈரத்துணியோடு உள்ளே வந்தவள் நிதானமாகச் சொன்னாள்.

"ஏங்க, ஷெட்ல நிக்கிற அந்தப் பழசை வித்துடுங்க. இல்லன்னா என் காரை ஹாலுக்குள்ள கொண்டுவந்து நிறுத்துவேன்."

செய்யக்கூடியவள்தான். டாக்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பழைய சாமான் விற்கும் இணையதளத்தில் மதியம் முழுக்க விளம்பரம் எழுதினார். மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். 'மழையில் ஓட்டினால் இடது கால் நனையும். ஹாரன் தனக்குத் தோன்றும்போது அடிக்கும். பின் கதவைத் திறக்க வெளியிலிருந்து ஒருவர் உதவ வேண்டும். வாங்குமுன் நன்றாக யோசிக்கவும்.'

"பல்லைப் பிடுங்குறப்பல்லாம் 'வலிக்காது, வலிக்காது'ன்னு வாய் கூசாம பொய் சொன்ன மனுஷன்," என்றாள். "காருன்னதும் அரிச்சந்திரன் ஆயிட்டீங்களா?"

"அங்க மயக்க ஊசி இருந்துச்சும்மா. இங்க என்ன இருக்கு?"

விளம்பரம் போட்ட நொடியிலிருந்து போன் ஓயவில்லை. 'இன்னும் இருக்கா?' என்று கேட்டவர்கள், இருக்கிறது என்றதும் காணாமல் போனார்கள். ஒருவர் தன் டிரெட்மில்லுக்கு மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். உணவகக்காரர் ஒருவர் நேரிலேயே வந்து, காரைச் சுற்றிவந்து, டேப் வைத்து அளந்தார். டாக்டருக்கு நம்பிக்கை பிறந்தது.

"முன்பக்கம் மட்டும் போதும் சார். நடுவுல அறுத்து கல்லாப்பெட்டி மேசையா வெச்சா ஜனங்க அசந்துடுவாங்க."

டாக்டர் கேட்டைத் திறந்துவிட்டு அவர் போகும்வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

கடைசியாக வந்தவர் பழைய கார் சேகரிப்பவர். வெள்ளைச் சட்டை, பையில் ஒரு காந்தம். வந்ததும் வராததுமாகக் காந்தத்தை எடுத்து முன் கதவில் வைத்தார். டொக்கென்று கீழே விழுந்தது. பின் கதவில் வைத்தார். அங்கேயும் விழுந்தது.

"தகரமே இல்லையே சார். முழுக்க ஓட்டையை அடைச்ச பட்டி. பட்டிக்கு பெயின்ட் அடிச்சு கார்னு சொல்றீங்க."

டாக்டர் வாயைத் திறக்குமுன் படியில் நின்ற மனைவி இறங்கி வந்தாள். இவ்வளவு நாளும் அந்தக் காரைத் திட்டித் தீர்த்தவள் அவள்தான். ஆனால் வீட்டு மனிதரை வீட்டார் திட்டுவது வேறு, வெளியாள் வந்து திட்டுவது வேறு.

"இதுலதாங்க எங்க பொண்ணை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்தோம். ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்க. நானும் வர்றேன்."

சேகரிப்பவர் ஓட்ட, டாக்டர் பக்கத்தில் உட்கார, மனைவி பின்னால் ஏறினாள். கார் இருமியது, குலுங்கியது, பிறகு பரவாயில்லாமல் ஓடியது. கடைத்தெரு முனையில் வேகத்தடை. அதை அவர் பார்க்கவில்லை. கார் எம்பி விழுந்ததில் அவருடைய இருக்கை அப்படியே பின்னால் சாய்ந்தது. ஹாரன் தானாக அலறியது. மனைவி காலை இழுத்துக்கொண்டாள். டாக்டர் பாய்ந்து கைபிரேக்கை இழுத்தார்.

கார் நின்றது. சேகரிப்பவர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். கன்னத்தில் கை.

"வாயைத் திறங்க," என்றார் டாக்டர். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தக் குரல் வந்தது. அவர் மறுபேச்சில்லாமல் திறந்தார். மனைவி கேட்காமலே பின்னாலிருந்து போன் விளக்கைப் பிடித்தாள்; டாக்டரின் கிளினிக்கில் அவள் பிடிக்காத விளக்கா?

"கடைவாய்ப் பல்லு மேல மாட்டுன கேப் கழண்டிருக்கு. பக்கத்துப் பல் அடைச்சது. அதுக்குப் பக்கத்துலயும் அடைச்சது. மேல பாதி கட்டுப் பல்லு." டாக்டர் உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். "இதுல அசல் எது சார்?"

வாயைத் திறந்து வைத்திருப்பவரிடம் கேள்வி கேட்பது டாக்டரின் பழைய பழக்கம். "ஆ" என்றார் அவர்.

"வீட்ல யாராவது காந்தம் வெச்சுப் பாத்தாங்களா?" என்றாள் மனைவி, கால்மிதியில் கேப்பைத் தேடியபடி.

சாய்ந்து கிடந்த வயிறு குலுங்கியது. அழுகிறாரோ என்று டாக்டர் பயந்தார். சிரிக்கிறார் என்று புரிய கொஞ்ச நேரம் ஆனது.

வீட்டுக்குத் திரும்பியதும் டாக்டர் பழைய பெட்டியைத் தேடி எடுத்து, கேப்பைக் கழுவி, தற்காலிகமாக ஒட்டினார். "வலிக்குமா?" என்றார் சேகரிப்பவர். "வலிக்காது," என்றார் டாக்டர். வலித்தது. ஆனாலும் அவர் விலையில் ரொம்ப இழுக்காமல் காரை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மனைவி தன் காரை ஷெட்டில் நிறுத்திவிட்டு, பறவைகளைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். டாக்டர் சோற்றைப் பிசைந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"டாக்டர், காலையிலேர்ந்து ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சத்தம் வருதா, இல்ல சத்தமே இல்லையா?"

"லேசா முனகுது."

"நேத்து ராத்திரி வெளியிலயா நின்னுச்சு? சரி, எதையும் தொடாதீங்க. வந்து பாக்குறேன்."

அவர் கைகழுவிச் சட்டை மாற்றி வருவதற்குள் மனைவி ஷெட்டைத் திறந்து தன் காரை வெளியே எடுத்திருந்தாள்.

"ஏறுங்க. அவருக்கு பல் எப்படி இருக்குன்னும் பாத்துட்டு வந்துடலாம்."