வெள்ளை அங்கி போட்டவளே

பாலத்துக்கு இந்தப் பக்கமே வேனை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார் ஷர்ஷென். கலிபா அத்தை பின்னால் வெள்ளைப் போர்வைக்குள் கிடந்தாள். விடிகாலையில் நாரின் நகரத்திலிருந்து கிளம்பி, கல்லும் பள்ளமுமாக வந்த பாதையில் அத்தையின் தலை ஆடாமல் இருக்க மடியில் தாங்கிக்கொண்டே வந்திருந்தாள் மைராம். இரண்டு கால்களும் மரத்துப்போயிருந்தன. இறங்கினாள். ஷர்ஷென் அத்தையின் புருஷனுக்குத் தம்பி. அண்ணன்காரர் செத்து வெகுநாளாயிற்று; இப்போது இந்தப் பள்ளத்தாக்கில் அந்தக் குலத்துக்கு மூத்தவர் இவர்தான். வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். கண் சிவந்திருந்தது. உண்மையாகவே அழுதிருக்கிறார் என்பது மைராமுக்கு எரிச்சலாக இருந்தது.

"வாம்மா. மொதல்ல அழுதுட்டு அப்புறம் பேசலாம்னுதான் நெனச்சேன். ஆனா பாலத்தைத் தாண்டிட்டா அப்புறம் பேசமுடியாது."

"சொல்லுங்க பெரியப்பா."

"எங்க அண்ணன் பொண்டாட்டி. அவ எலும்பு எங்களோடது, இல்லேங்கல. அவ கேட்ட மாதிரி பையன் பக்கத்துலயே குழி. கூடாரம் போட்டாச்சு, குதிரை அறுத்தாச்சு. ஒண்ணே ஒண்ணு. ஒப்பாரில அந்த வருஷத்தை எடுக்கக்கூடாது."

"எந்த வருஷத்தை?"

"படிச்ச புள்ள, தெரியாத மாதிரி கேக்காதே."

"எடுத்தா?"

"வண்டியைத் திருப்பிக்க. உங்க ஆளுங்க பக்கம் மண்ணு இல்லாமலா போச்சு?"

எந்தப் பாலம் என்பதை மைராம் கவனிக்காமல் இல்லை. இதே பாலத்தின் குறுக்கேதான் நாற்பது வருடத்துக்கு முன்னால் கலிபா அத்தை கயிறு கட்டினாள். அப்போது அவளுக்கு மைராமின் வயதுதான் இருக்கும். பிளேக் தடுப்பு நிலையத்தில் கிருமி பார்க்கிற டாக்டர், இந்த வீட்டுக்கு வந்த மருமகள். அவளுடைய மாமனார் ஒமுர் ஒரு மலைஅணிலை உரித்தார். இந்தப் பக்கத்து மலைஅணில் நாய்க்குட்டி அளவுக்குப் பருத்தது. கறி, தோல், கொழுப்பு எதுவும் வீணாகாது. உரித்த சில நாளில் கிழவருக்குக் காய்ச்சல், அக்குளில் கட்டி, பிறகு இருமல், பிறகு மூச்சில்லை. அத்தை தன் கையால் ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்த்தாள். பார்த்ததும் பள்ளத்தாக்கை அடைத்தாள். சிப்பாய்கள் வந்தார்கள். கிழவரைக் குளிப்பாட்டவில்லை, தொழுகை இல்லை, பெற்ற பிள்ளைகளைத் தோள்கொடுக்க விடவில்லை. சுண்ணாம்பு கொட்டிய ஆழக்குழிக்குள் முகம் மூடிய அந்நியர்கள் இறக்கினார்கள். கூடாரத்தையும் கம்பளங்களையும் கொளுத்தினார்கள். அத்தை வீடு வீடாகப் போய் எல்லாருக்கும் ஊசி போட்டாள். மேலிடத்து உத்தரவு, நோயின் பெயரை வெளியே சொல்லக்கூடாது. அவள் சொல்லவில்லை.

அதற்குப்பின் அந்தப் பள்ளத்தாக்கில் ஒருத்தர்கூடச் சாகவில்லை. அதுதான் அவள் செய்த குற்றம். ஒருத்தருமே சாகவில்லையென்றால் அது என்ன பெரிய நோய்? மாமனாரை நாயைப் போலப் புதைத்த மருமகள் என்று பேர் வந்தது. அவளுடைய ஆறு வயசுப் பையன் அடுத்த வசந்தத்தில் ஆற்றோடு போனபோது, கிழவரின் சாபம் என்றார்கள். அவனை மட்டும் குலத்து இடுகாட்டில், மேட்டில் வைத்தார்கள். அத்தை ஒரு பெட்டியோடு நகரத்துக்குப் போய்விட்டாள். நிலையம் இழுத்து மூடப்படும் வரைக்கும் கோடைக்குக் கோடை மலையில் கூடாரம் போட்டு மலைஅணிலும் எலியும் பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். இந்த ஊருக்குள் மட்டும் காலெடுத்து வைக்கவில்லை.

"சரி," என்றாள் மைராம். வேன் பாலத்தைத் தாண்டியது.

கூடாரத்தின் ஒரு பக்கம் திரை கட்டி அத்தையைக் கிடத்தியிருந்தார்கள். திரைக்கு முன்னால் பெண்கள் துணிச்சுவரைப் பார்த்து, வருகிறவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஆண்கள் கோலை ஊன்றிக் குனிந்து நின்றார்கள். துக்கத்துக்கு ஆள் வரும் குதிரைச் சத்தமோ கார்ச் சத்தமோ கேட்டால் வெளியே ஆண்கள் ஓவென்று கதற வேண்டும், உள்ளே பெண்கள் ஒப்பாரியை எடுக்க வேண்டும். செத்தவளுக்கு மகள் இல்லையென்றால் அண்ணன் மகள்தான் பாட வேண்டும். ஆக, மைராம். ஆடு மேய்த்த வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள். அத்தையைப் பார்த்துத்தான் உயிரியல் படித்தாள். படித்து முடித்து நிலையத்தில் ஒரு வருடம் வேலை பார்ப்பதற்குள் அதை மூடிவிட்டார்கள். இப்போது நாரின் கடைத்தெருவில் செல்போன் உறை விற்கிறாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது புருல். ஷர்ஷெனின் மனைவி, கனத்த உடம்பு, எந்த நேரமும் யாருக்காவது எதையாவது ஊற்றிக்கொண்டே இருக்கும் கை.

"நல்லா வாய்விட்டுப் பாடு," என்றாள் காதோரம். "கைராசிக்காரி, விருந்தாளியை வெறும் வயித்தோட அனுப்பாதவ, அவ ஊத்தின டீ ஆறாதுன்னு. அதெல்லாம் யாரும் தப்பா எடுத்துக்கமாட்டாங்க."

"அத்தைக்கு டீயே போடத் தெரியாது பெரியம்மா. ரொட்டியைத் தீய விடாம ஒருநாள் சுட்டதில்ல."

"செத்தவளுக்கு என்ன, இனிமே தெரிஞ்சுட்டுப் போகுது."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு அதை அழுகையாக மாற்றிக்கொண்டார்கள்.

வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள், கையில் சட்டம் போட்ட படம். அதைப் பார்த்ததும் மைராமுக்குத் தெரிந்துவிட்டது. கலாச்சார மாளிகையின் கூடத்தில் தொங்கும் 'நம் வட்டாரத்தின் பெருமைமிகு பெண்கள்' வரிசையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். வருடாவருடம் மார்ச் எட்டாம் தேதி பள்ளிப் பிள்ளைகளை அங்கே வரிசையாக நிறுத்துவார்கள். மைராமும் நின்றிருக்கிறாள். பீட்ரூட் சாகுபடியில் பதக்கம் வாங்கியவள், விமானம் ஓட்டியவள், பனிச்சிகரம் ஏறியவள், தலைநகரத்து மேடையில் பாடியவள் என்று ஒவ்வொருத்திக்கும் கீழே இரண்டு வரி இருக்கும். பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அத்தையின் படத்துக்குக் கீழே இரண்டே சொல்: மருத்துவத் துறை. அந்தத் துறையில் என்ன செய்தாள் என்று ஒருமுறை மைராம் கேட்டதற்கு டீச்சர், "நல்லபடியா வேலை பார்த்தாங்க," என்றாள். பேர் சொல்லக்கூடாத நோயைத் தடுத்தவளைப் பற்றி வேறு என்னதான் எழுத முடியும். இப்போது பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டியிருந்தார்கள்: மருத்துவர், அன்பான தாய், குலத்தின் மதிப்பிற்குரிய மருமகள்.

"நாங்களே எழுதினோம்," என்றாள் அந்த அம்மாள். "துறை மட்டும் போட்டா வறட்சியா இருக்குல்ல."

மைராம் அந்தப் படத்தைத் திரையோரம் சாய்த்து வைத்தாள். அத்தைக்கு அதில் முப்பது வயசு. வெள்ளை அங்கி, தலைமுடியை மறைத்த துணி. படம் எடுப்பவன் சிரிக்கச் சொல்லியிருக்க வேண்டும். இவள் அவனை நுண்நோக்கியில் பார்ப்பதுபோலப் பார்த்திருந்தாள். வேனில் வரும்போதே மைராம் மனசுக்குள் ஒரு பாட்டைக் கட்டி முடித்திருந்தாள்.

வெள்ளை அங்கி போட்டவளே
பள்ளத்தாக்கை அடைச்சவளே
பிள்ளையெல்லாம் பொழைச்சதனால்
கள்ளிப் பேரு வாங்கினியே

நாலு வரிதான். ஆனால் ஒப்பாரியில் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு கிழவியும் அதைத் தன் ஊருக்குக் கொண்டுபோவாள். சுவரில் தொங்குவதை யாரும் படிப்பதில்லை. ஒப்பாரியில் விழுந்தது போகாது. அத்தை எப்போதாவது மலைஅணில் பற்றிப் பேசுவாளே தவிரத் தன்னைப் பற்றிப் பேசியதில்லை. "ஓடுறதைப் பத்திக் கவலைப்படாதே. ஆளைக் கண்டும் ஓடாம உக்காந்திருக்கு பாரு, அதுக்குப் பயப்படு." அவ்வளவுதான் அவள் கொடுத்த சொத்து. கேட்டது ஒன்றே ஒன்று, ஆஸ்பத்திரியில், கடைசி வாரம்: "எம் பையன் பக்கத்துல போடச் சொல்லு. அதுக்கு என்ன கேட்டாலும் குடுத்துடு."

மதியம் பெரிய கூட்டம் வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து மூன்று வண்டி நிறைய ஆட்கள். வெளியே கதறல் எழுந்தது. உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். மைராம் இடுப்பில் கைகளை ஊன்றி, கண்ணை மூடி எடுத்தாள்.

"வெள்ளை அங்கி..."

புருலின் கை அவள் முழங்காலைப் பிடித்தது. வெளியே அழுகை நின்றது. கூடாரத் துணியின் அடிவிளிம்பு வெயிலுக்குச் சுருட்டி விடப்பட்டிருந்தது. அதன் வழியே மேடு தெரிந்தது. குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டியை ஊன்றி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு சின்ன மண்மேடு, சின்ன இரும்புக் கிராதி, நீல வண்ணம் உரிந்துபோனது.

"...யாட்டம் மனசுக்காரியே," என்று முடித்தாள் மைராம். "ஆறாத டீயை ஊத்தினவளே. மாறாத முகங்கொண்ட மருமகளே."

வெளியே அழுகை மறுபடி எழுந்தது. முன்பைவிட நிம்மதியாக, பலமாக. மேட்டில் மண்வெட்டிகள் குனிந்தன. மைராம் பாடினாள். அத்தை சுடாத ரொட்டிகளைப் பாடினாள், தைக்காத மெத்தைகளைப் பாடினாள், கால் பிடித்துவிடாத மாமியாரைப் பாடினாள். ஒவ்வொரு பொய்க்கும் கிழவிகள் தலையாட்டி அழுதார்கள். அடுத்த கூட்டத்துக்கும் பாடினாள், அதற்கடுத்ததற்கும். கோபத்தில் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடினாள். அவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிற்பகலில் ஆண்கள் அத்தையைத் தூக்கினார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. ஷர்ஷெனின் மகன் தாலாய் முன்பக்கம் தோள்கொடுத்தான், நாற்பது வயசு ஆள், மலைபோல இருப்பான். இடது கையை உடம்போடு ஒட்டாமல் தள்ளியே வைத்திருந்தான். "என்னடா, கோழி இறக்கையை விரிச்ச மாதிரி?" என்று ஒருவன் கேட்டான். "சுளுக்கு," என்றான் தாலாய். "கூடாரக் கம்பு நட்டது நானு, நீயா?"

அவர்கள் மேடேறுவதை வாசலில் நின்று பார்த்தாள் மைராம். சரி, பையன் பக்கத்தில்தான். கொடுக்கச் சொன்னதைக் கொடுத்தாயிற்று.

புருல் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். கொதிக்கக் கொதிக்கப் பால். மேலே மஞ்சளாக ஒரு கொழுப்பு வட்டம் மிதந்தது.

"குடி. தொண்டை ரணமாயிருக்கும். நல்லாத்தான் பாடினே." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியும்டி. நான் அப்ப புதுசா வந்தவ, முழுகாம இருந்தேன், தாலாய் வயித்துல. உங்கத்தைதான் ஊசி போட்டா. மாமனார் போன வீட்டுல இவ அழக்கூட இல்லைன்னு சொல்றாங்க. நான் பாத்தேன், அழுதா. ஊசி போட்டுக்கிட்டே அழுதா."

"இதை ஏன் பெரியம்மா இவ்வளவு நாளாச் சொல்லல?" என்றாள் மைராம். குரல் காற்றாகத்தான் வந்தது.

"யாருகிட்ட சொல்ல? குடி, ஆறுது. புதுக் கொழுப்பு, சுத்தமா உருக்கினது. நல்லா கொழுத்த மலைஅணில். தாலாய் கொண்டுவந்தான் அஞ்சாறு நாள் முன்னாடி. துப்பாக்கியே எடுக்கலையாம். பொந்து வாசல்ல ஓடாம உக்காந்து முழிச்சுக்கிட்டே இருந்துச்சாம். கையால புடிச்சு அவனே உரிச்சான்."

மைராம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கொதித்த கொழுப்பில் கிருமி இருக்காது, அது அவளுக்குத் தெரியும். உரித்த கை.

"அவருக்கு ஒடம்பு எப்படி இருக்கு?"

"காலைலேர்ந்து குளிருதுங்கிறான். அலைச்சல், வேற என்ன? அக்குள்ல நெறி கட்டியிருக்கு. மூணு நாளா ஓடுறான் உங்கத்தைக்காக."

அவன் மூன்று நாள் ஓடியிருக்க முடியாது, அத்தை செத்தது நேற்று. ஆனால் அதைத் திருத்த மைராமுக்கு நேரமில்லை. செல்போனை எடுத்தாள். விரல் தானாக அத்தையின் பெயரில் போய் நின்றது. நிலையத்தை மூடிய அன்றே அதன் தொலைபேசியையும் வெட்டிவிட்டார்கள். வட்டார ஆஸ்பத்திரியில் இந்தப் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள், பிறகு யார் சொன்னது என்று கேட்பார்கள். இருந்தாலும் ஆஸ்பத்திரியை அழைத்தாள். மலையிடுக்கில் சிக்னல் ஒரு கோடு வந்தது, போயிற்று.

"பெரியம்மா. அவரைத் தனியா வைக்கணும். கிட்ட யாரும் போகக்கூடாது. பாலத்தை..." பாடிக் கிழிந்த குரல் அதோடு நின்றுபோயிற்று.

புருல் அவளைப் பார்த்தாள். அந்தக் கனத்த முகத்தில் ஏதோ ஒன்று புரிந்து, புரிந்ததை அங்கேயே வைத்துப் பூட்டியது மைராமுக்குத் தெரிந்தது.

"இன்னிக்கு வேணாம்," என்றாள் புருல். "அந்தப் பேச்சு வேணாம்னு காலைலயே சொன்னாங்கல்ல."

மேட்டிலிருந்து ஆண்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, கதறிக்கொண்டே வந்தார்கள், வழக்கப்படி. உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து காத்திருந்தார்கள். "மைராம், எடு," என்றது ஒரு கிழவியின் குரல். மைராம் வாசலைவிட்டு நகரவில்லை. வாயைத் திறந்தாள்.

வெள்ளை அங்கி. உதடு அசைந்தது, அவ்வளவுதான். தன் காதுக்கே அது கேட்கவில்லை.

வாசலில் செம்பும் துண்டும் வைத்திருந்தார்கள். இடுகாட்டிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து கையை நீட்ட, ஒருத்தி தண்ணீர் ஊற்றினாள். தாலாய் வலது கையை மட்டும் கழுவினான். துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தான். அந்தத் துண்டிலேயே வாயைப் பொத்திக்கொண்டு இருமினான், ஆழமாக, இரண்டு தடவை. மைராம் துண்டைப் பிடுங்கக் கையை நீட்டினாள். ஆறுதல் சொல்ல வருகிறாள் என்று நினைத்தோ என்னவோ, அவளைப் பார்த்துச் சோர்வாகச் சிரித்துவிட்டு, துண்டைப் பக்கத்தில் நின்ற அப்பாவின் தோளில் போட்டான். ஷர்ஷென் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தவருக்கு நீட்டினார்.