கூடையோடு வரக்கூடாது

அய்யா 1974இல் சாயல்குடியில் தொடங்கிய உக்கிரபாண்டி ஸ்டோர்ஸ், இருபது வருஷத்தில் ஏழு ஊர்களுக்குப் பரவியது. ஜவுளி, பாத்திரம், மளிகை எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும். மீன் விற்றுவிட்டுத் திரும்பும் பெண்கள் கூடையோடு உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்து, மகள் கல்யாணத்துக்கே ஜவுளி எடுத்துப் போவார்கள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவர் மகளான நான். பொறுப்புக்கு வந்ததும் கடைகளுக்கு ஏசி போட்டேன். கூடையோடு வரக்கூடாது என்று வாசலில் போர்டு மாட்டினேன்.

"வேணாம்த்தா" என்றார் அய்யா.

"உங்களுக்கு வியாபாரம் தெரியாது" என்றேன். அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

கூடைக்காரர்கள் வரவில்லை. ஏசி கேட்கிறவர்கள் ஏற்கெனவே மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைகளை ஒவ்வொன்றாகப் பூட்டி, 2009இல் ராமநாதபுரம் கடை மட்டும் மிஞ்சியது. அதையும் மூடும் நாளன்று பழைய வாடிக்கைக்காரி பாம்பன் பஞ்சம்மாள் வந்து, கூடையோடு படிக்குக் கீழேயே நின்றாள்.

"உள்ள வா, பஞ்சம்மா" என்றார் அய்யா.

"இருக்கட்டும் மொதலாளி. படிச்ச புள்ள வரக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்குல்ல."

"அந்தப் போர்ட எடுத்து ரெண்டு வருஷமாச்சுக்கா" என்றேன்.

"அப்படியா? எங்ககிட்ட யாரும் சொல்லலையே."

பேத்தி சடங்குக்குச் சேலை வேண்டுமாம். நாலைந்து பட்டுச் சேலைகளை எடுத்துக்கொண்டு படிக்கு இறங்கினேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீயே விரிச்சுக் காட்டு தாயி. என் கையில மீன் வாடை அடிக்கும்."

வெயிலில் நின்று ஒவ்வொன்றாக விரித்தேன். அய்யா எங்களைப் பார்க்காமல் உள்ளே திரும்பிப் போனார்.