வாசனை இல்லாத கேஸ்

...வாசனை இருந்தால்கூடத் தேவலை, சமையல் கேஸ் என்றால் கசிந்ததும் மூக்குக்குத் தெரிந்துவிடும், இந்த ஃப்ரிட்ஜ் கேஸுக்கு அது கிடையாது, அறையில் இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா, எதை வைத்துச் சொல்வது... குரு மறுபடியும் மூச்சை இழுத்துப் பார்த்தான். மிச்சமிருந்த கேஸைக் குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே விட்டாயிற்று, கதவும் திறந்திருக்கிறது, செஞ்சி மலைப் பாறைகளின் சூடு வாசல் வழியே வந்து முகத்தில் அடிக்கிறது, ஆனாலும் கை எழவில்லை. தீக்காயம் ஆறியபின் இதுதான் முதல் வேலை. “இன்னாப்பா, இன்னும் ஆரம்பிக்கலியா?” சுந்தராம்பாள்தான், இந்த வீட்டு அம்மாள், சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறவள், ஃப்ரிட்ஜ் நின்றதிலிருந்து மருந்தைப் பானைத் தண்ணீரில் வைத்திருக்கிறாளாம், இந்த வெயிலில் பானைத் தண்ணீரே சுடுகிறது... “ஆவுதும்மா” என்றான். ஆகுமா?

பழைய ஃப்ரிட்ஜ் கேஸ் பூமியைச் சூடாக்கும், இந்தப் புது கேஸ் அப்படியில்லை, ஆனால் தீப்பிடிக்கும், சிகரெட் லைட்டரில் இருப்பது இதுதான் என்று விழுப்புரத்தில் பயிற்சி கொடுத்தவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். பூமிக்கு நல்லதுதான், யார் இல்லை என்றது, வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறுவது செஞ்சிக்காரனுக்குச் சொல்லியா தெரியவேண்டும்... ஆனால் போன தடவை மேல்சித்தாமூரில் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜைப் பிரித்தபோது, எதையும் தொடாதீங்க என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாரோ விளக்கு சுவிட்சைத் தட்டினார்கள், ஒரு நீல வெளிச்சம், சத்தம்கூடப் பெரிதாக இல்லை, பிறகு தன் முடி கருகும் நாற்றம். கேஸுக்கு இல்லாத வாசனை அவனிடமிருந்து வந்தது.

டக், டக். சமையலறையில் லைட்டர். “ஐயோ, நிறுத்தும்மா!” கத்தியது தன் குரல்தானா என்றே தெரியவில்லை. சுந்தராம்பாள் சுவரோடு ஒட்டி நின்றாள். “உனுக்கு டீ போடலாம்னுதாம்பா...” தீ பற்றவில்லை, ஒன்றும் ஆகவில்லை, அறையில் கேஸே இருந்திருக்காது, இருந்திருந்தால்? குனிந்து வேலையைத் தொடங்கினான். நெருப்பு வைக்காமல் குழாய்களை அழுத்தியே இணைக்கும் வளையங்களை வாங்கி வந்திருந்தான், அதைப் பொருத்தி, புது கேஸ் ஏற்றி, சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்து... மத்தியானம் சாய்வதற்குள் உள்ளே சில்லென்றாகிவிட்டது. அவள் மருந்துப் புட்டியைத் துடைத்து உள்ளே வைத்தாள். டீ என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

தெருவுக்கு வந்து ஆண்டாளுக்கு போன் செய்தான். வேலை முடிந்தது என்று மனைவியிடம் சொல்ல வேண்டுமே. “கை வலிக்குதா? சாப்டியா?” என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தபோது அவள் பக்கம் குக்கர் விசில் அடித்தது. இந்த நேரத்தில் என்ன சமையல்... “ராத்திரிக்கு இப்பவே ஆக்கி வெச்சுட்றேன்” என்றாள், அவசரமாக. ராத்திரிக்கா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் காலையில் எழும்போதே சோறு ஆகியிருக்கும், டீ ஃபிளாஸ்க்கில் இருக்கும், ராத்திரி எல்லாம் ஆறிப்போயிருக்கும், சலித்துவிட்டாள் என்று நினைத்து முகம் கொடுக்காமல் சாப்பிட்டான். அவன் கண்முன் அவள் அடுப்பே பற்றவைத்ததில்லை, சாமி படத்துக்கு முன்னால்கூட விளக்கு எரிந்து பார்த்த ஞாபகமில்லை. அவன் பயந்துவிடுவான் என்றா, இல்லை, அவனும் நெருப்பும் ஒரே வீட்டில் இருப்பதைப் பார்க்க அவளால் முடியவில்லையா... “இன்னா, லைன்ல இருக்கியா?” என்றாள். இருந்தான். கேட்டுவிடலாம். இரண்டாவது விசிலும் அடித்தது.