ஒரு ‘ங்க’ கூடுதல்

என் மனைவி கோகிலவாணி ஆறு மாதம் மலாவிக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று சொன்னதும் மல்லசமுத்திரத்தில் எல்லோரும் கேட்டது, “அது எங்கே இருக்கு?” ஆப்பிரிக்காவில் இருக்கிறது, சம்பளம் கிடையாது, சேவைக்குத்தான் போகிறாள் என்றால் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். என் பங்காளி மாதேஷ் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் கேட்டான்: “பொண்டாட்டிய அனுப்பிப்போட்டு நீ ஊட்ல சோறாக்கப் போறயாக்கும்?”

“ஆமாடா, ஆக்குவேன். பசிச்சா நீயும் வந்து கொட்டிக்க” என்று சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். முட்டை லாரி ஓட்டுகிறவனுக்குச் சாலையில் பொறுமை வேண்டும்; அது முழுக்க அங்கேயே செலவாகிவிடுகிறது.

கோகிலா இருபது வருடமாகக் கோழிப்பண்ணைகளில் தடுப்பு மருந்து போடுகிறவள். ரெக்கையடித்துக் கத்துகிற கோழிகூட அவள் கைக்குப் போனால் அடங்கிவிடும். மலாவியில் கிராமத்துப் பெண்கள் வாசலில் நாட்டுக்கோழி வளர்க்கிறார்கள். வருடா வருடம் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகிறது. கண்ணில் சொட்டு மருந்து விட அவர்களுக்குச் சொல்லித்தர ஆள் தேவை என்று ஒரு தொண்டு நிறுவனம் விளம்பரம் போட்டிருந்தது. எங்கள் மகள் அபிநயாதான் அதைப் போனில் பார்த்துச் சொன்னாள். கடைசிச் சுற்றில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் கோயமுத்தூர் கால்நடை டாக்டரம்மா. இன்னொருவர் பத்தாவது பெயிலான என் மனைவி. யார் வர வேண்டும் என்பதை அந்த ஊர்ப் பெண்களே, பயிற்சி முடிந்து வரும் வியாழக்கிழமை, வீடியோ அழைப்பில் பார்த்துப் பேசி முடிவு செய்வார்கள்.

ஞாயிறுதோறும் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு மண்டபத்தில் பயிற்சி. நான்தான் பைக்கில் கூட்டிப்போவேன், பின் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். சொல்லித்தருகிற சந்திரசேகர் சென்னைக்காரர், மலாவியில் இரண்டு வருடம் இருந்தவர். பெரியவர்களைப் பார்த்தால் முழங்காலை மடக்கி வணங்க வேண்டும், எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்றார். அதையெல்லாம் கோகிலா ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். பேச்சில்தான் மாட்டிக்கொண்டாள்.

“மூலி ப்வாஞ்சி. எப்படி இருக்கீங்கன்னு அர்த்தம். சொல்லுங்க மேடம்.”

“மூலி ப்வாஞ்சிங்க.”

“அந்த ‘ங்க’ வேண்டாம்.”

“சரிங்க சார். மூலி ப்வாஞ்சி…ங்க.”

மண்டபமே சிரித்தது. சந்திரசேகர் சிரிக்கவில்லை. “அவங்க மொழியில ஒரு எழுத்து கூடினாலும் அர்த்தமே மாறிடும் மேடம். டாக்டரம்மா சுத்தமாப் பேசறாங்க. நீங்க இந்த ஒரு எழுத்துலயே தோத்துடுவீங்க.”

நான் எழுந்துவிட்டேன். கோகிலா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்துவிட்டேன்.

வரும் வழியில் பைக்கின் பின்னாலிருந்து சொன்னாள்: “பெரியவங்ககிட்ட மொட்டையாப் பேச வாய் வரமாட்டேங்குதுங்க மாமா. செருப்புக் காலோட அடுத்தவிய ஊட்டுக்குள்ள போற மாதிரி இருக்குதுங்க.”

“உனக்குப் போகோணுமா, வேண்டாமா?”

“போகோணுங்க.” அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. “டாக்டருங்க சொன்னதைத்தான் இத்தனை வருசமாச் செஞ்சேன். எனக்குத் தெரிஞ்சதை ஒருத்தருக்காவது நானாச் சொல்லித்தரோணுங்க.”

அதுதான் கடைசிப் பயிற்சி. நான்கு நாள் விடாமல் பழகினாள். கோழியிடம் சொன்னாள், கண்ணாடியிடம் சொன்னாள், சாப்பிடுகிற என்னிடம் சொன்னாள். புதன்கிழமை ஐந்து தடவை தொடர்ந்து வால் இல்லாமல் வந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு கோழியைக் கூடையில் போட்டு மண்டபத்துக்கு எடுத்துப் போனோம். திரையில் ஒரு மரத்தடி, பத்துப் பன்னிரண்டு பெண்கள். நடுவில் தலைத்துணி கட்டிய எஸ்தர், அவர்கள் குழுவின் தலைவி, அறுபது வயதிருக்கும். ‘அமாயி’ என்றால் அம்மா. ‘மூலி ப்வாஞ்சி, அமாயி’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கோகிலா எழுந்தாள், முழங்காலை மடக்கினாள், அந்தப் பெரிய மனுஷியின் முகத்தைப் பார்த்தாள். நான்கு நாள் பழக்கம் பறந்துபோனது.

“மூலி ப்வாஞ்சி, அமாயிங்க.”

சந்திரசேகர் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன். எஸ்தர் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அடுத்த நிமிடம் அத்தனை பேரும் கைதட்டிக் குலவை போட்டார்கள்.

சந்திரசேகருக்கு வாய் குழறியது. “மேடம், அங்கே ‘அங்கா’ன்னா ‘என்னோட’ன்னு அர்த்தம். ‘அமாயி அங்கா’ன்னா ‘என் அம்மா’. அவங்க காதுல அப்படித்தான் விழுந்திருக்கு. வேணும்னே அப்படிக் கூப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கோகிலா இல்லை என்று தலையசைத்தாள். “இல்லீங்க. தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க. எங்கூர்ல மரியாதைக்கு அப்படிச் சொல்றதுங்க. அம்மான்னு அர்த்தம் வந்தா எனக்குச் சந்தோசந்தானுங்க.”

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தேர்வானாலும் ஆகாவிட்டாலும் இவள் என் மனைவி என்று அந்த மரத்தடிக்கே கேட்கும்படி கத்தலாம் போல இருந்தது.

பிறகு கோழியை எடுத்தாள். “வா சாமி, பயப்படாத.” ரெக்கையை அக்குளில் அணைத்து, தலையைச் சாய்த்து, கண்ணில் ஒரு சொட்டு விட்டு, அது இமைக்கும்வரை காத்திருந்தாள். “அவசரப்பட்டா மருந்து வெளிய போயிருமுங்க. கண்ணைச் சிமிட்டற வரைக்கும் புடிச்சிருக்கோணுங்க” என்றாள். சந்திரசேகர் மொழிபெயர்க்கும் முன்பே அங்கே நாலைந்து பெண்கள் வெறுங்கையை அக்குளில் வைத்து அப்படியே செய்து பார்த்தார்கள்.

கடைசியாக எஸ்தர் ஒன்று கேட்டார். சந்திரசேகர் என்னைப் பார்த்தபடி சொன்னார்: “அந்த மரியாதை எழுத்தை உங்க வீட்டுக்காரர் உங்களுக்குப் போடுவாரான்னு கேக்கறாங்க.”

“எனக்கு ‘வா’, ‘போ’தானுங்க” என்று சொல்லிச் சிரித்தாள் கோகிலா.

திரையில் இருந்த அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் கோழியைப் பார்த்தேன். சுங்கச்சாவடியில் சீட்டுக் கொடுக்கிற பையனுக்கு ‘ங்க’ போடுவேன். வண்டியை மறிக்கிற போலீஸ்காரருக்கு இரண்டாகப் போடுவேன். இருபத்திரண்டு வருடத்தில் இவளுக்கு ஒன்றுகூடப் போட்டதில்லை, போட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

பத்து நிமிடத்தில் முடிவு வந்தது. டாக்டரம்மா நன்றாகப் பேசினார், ஆனால் எங்களுக்கு இந்தக் கை வேண்டும் என்று எஸ்தர் சொன்னாராம்.

அடுத்த மாதம் சேலம் ஜங்ஷனில் காலை ரயில். அபிநயா அம்மாவோடு சென்னை வரை போனாள். மாதேஷும் வந்திருந்தான், பெட்டி தூக்க. கோகிலா ஜன்னலோரம் உட்கார்ந்து, “போயிட்டு வாரேனுங்க மாமா. அரிசிய ரெண்டு தடவை கழுவிப் போடுங்க” என்றாள். ரயில் நகர்ந்தது.

“கோகிலா, பத்திரமாப் போயிட்டு வாங்க!”

மாதேஷ் வெடுக்கென்று திரும்பினான். கோகிலா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, “என்னங்க சொன்னீங்க?” என்று கேட்டாள். அவளுக்குக் காதில் விழுந்திருந்தது, முகம் சொன்னது. நான் ரயிலோடு நடந்துகொண்டே, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்.

“போயிட்டு வாங்க!”