புழுவுக்கு விட்ட வரிசை

அக்கா ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவனுக்குப் பேச்சு கிடையாது. அவள் படித்தவள். அதுவும் பூச்சிகளைப் பற்றியே படித்து, ஒரு விதைக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பெரிய வேலையில் இருப்பவள். அவன் மக்காச்சோளம் போடுகிறவன். அதனால் புது விதை மூட்டையோடு அவளே காரில் வந்து இறங்கியபோது தம்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எத்தனை மூட்டை போடணும்க்கா?"

படைப்புழு அந்த வட்டாரத்தையே மொட்டையடித்துக்கொண்டிருந்த காலம் அது. குருத்துக்குள் இறங்கிவிட்டால் எந்த மருந்தும் அதை எட்டாது. காலையில் பச்சையாக நின்ற செடி மறுநாள் சல்லடையாக நிற்கும்.

சமையலறை மேசையில் ஒரு பிடி விதையைக் கொட்டி வைத்துக்கொண்டு அக்கா விளக்கினாள்.

"மண்ணுல ஒரு பாக்டீரியா இருக்குடா. அது ஒரு புரோட்டீன் பண்ணும். நாம தின்னா ஒண்ணும் ஆகாது. புழு தின்னா அது குடல்ல போய் ஒட்டிக்கிட்டு ஓட்டை போட்டுடும். அந்தப் புரோட்டீனைச் செடியே பண்ணிக்கிற மாதிரி இந்த விதைய மாத்தியிருக்கோம். இலையைக் கடிச்ச புழு அதோட காலி."

"அப்ப மருந்து செலவே இல்லைங்கிற."

"இல்ல. ஆனா ஒரு நிபந்தனை. வயல்ல அஞ்சுல ஒரு பங்கு பழைய விதையத்தான் போடணும். அதுக்கு மருந்தும் அடிக்கக் கூடாது. அதைப் புழுவுக்குன்னே விட்டுடணும்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி திரும்பினாள். "புழுவுக்கா அண்ணி? விருந்தா வைக்கிறோம்?"

"விருந்துதாம்மா. லட்சத்துல ஒண்ணு ரெண்டு புழு இந்தப் புரோட்டீனைத் தாங்கிடும். அது பூச்சியா மாறினதும் ஜோடி தேடும். தாங்கினதும் தாங்கினதும் சேர்ந்தா பொறக்கிறதெல்லாம் தாங்கும். அப்புறம் இந்த விதைக்கு மரியாதையே இல்ல. பக்கத்துலயே சாதாரணப் பூச்சி கூட்டமா இருந்தா அதோட சேர்ந்துடும். அந்தக் குட்டிங்க இலையைத் தின்னு செத்துடும்."

"ஆக சொந்தத்துல குடுக்காதே, அசல்ல குடுங்கிறீங்க," என்றாள் மனைவி. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வீட்டில் மூவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று அப்போது யாருக்குத் தெரியும்.

அவன் சொன்னபடி செய்தான். தண்ணீர் சரியாக ஏறாத இடம் என்று, சாலையோரமாக நீளத்துக்குப் பழைய விதையைப் போட்டான். அதுதான் அவன் செய்த பிழை என்றால் பிழை. போகிற வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்த ஓட்டை விழுந்த வரிசைதான். அதற்குப் பின்னால் ஆளுயரம் நின்ற நல்ல பயிர் யார் கண்ணுக்கும் படவில்லை.

அடுத்த வயல் அவன் மச்சானுடையது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அந்த வட்டாரத்திலேயே அதிக நிலம் உள்ளவர், அக்காவின் கம்பெனி விதைக்கு ஏஜென்டும் அவர்தான். ஒவ்வொரு மூட்டையோடும் பழைய விதை ஒரு சின்னப் பையில் இணைந்து வரும். மச்சான் அதைப் பிரித்துக் கோழிக்குப் போட்டுவிடுவார். அவரிடம் வாங்கியவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அவர் வயலில் ஓரத்திலிருந்து ஓரம் வரை புது விதை மட்டும்தான்.

"மாப்ள, எனக்கே ஒடம்புல புரோட்டீன் பத்தலைன்னு டாக்டர் சொல்றாரு. நீங்க என்னடான்னா புழுவுக்குத் தனியா சாப்பாடு போட்டு வளர்க்குறீங்க," என்பார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். "பூச்சிப் பண்ணை" என்று அவனுக்குப் பட்டப்பெயரும் வந்தது.

மனைவிக்குத்தான் அது பொறுக்கவில்லை. "ஊரே ஒரு வழியில போகுது, நமக்கு மட்டும் எதுக்குங்க இந்தத் தலையெழுத்து? பாதி வரிசை வச்சா போதாதா?"

"அக்கா சொல்லியிருக்கா."

"அண்ணி அங்க ஏசி ரூம்ல இருக்காங்க. ரோட்டுல தலை குனிஞ்சு போறது நான்."

வருஷங்கள் போயின. விளைச்சல் எல்லோருக்கும் அமோகம். அவனுக்கு மட்டும் அஞ்சில் ஒரு பங்கு குறைவு. மருந்தடிக்கும் டேங்குகள் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தன. படைப்புழு பற்றிய பயமே மறந்துபோன ஒரு பருவத்தில்தான், மச்சான் வயலின் நடுவில் ஒரு திட்டு வெளிறியது.

முதலில் வெயில் என்றார்கள், பிறகு உரம் என்றார்கள். மச்சான் குருத்தைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே விரல் தடிமனில் புழு சுகமாகப் படுத்திருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் வட்டாரம் முழுக்க அதே கதை. அவன் வயலும் தப்பவில்லை. பூச்சிக்கு வேலி ஏது?

மச்சானின் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். அவனையும் கூப்பிட்டிருந்தார்கள். பேச அல்ல, பதில் சொல்ல.

"நாங்க யாருமே புழு வளர்க்கல," என்றார் மச்சான். குரலில் கிண்டல் இல்லை. "இத்தனை வருஷமா இந்த ஊர்ல புழு உயிரோட இருந்த ஒரே எடம் எது, நீங்களே சொல்லுங்க மாப்ள."

"மச்சான், எங்கிட்ட வளர்ந்தது தாங்காத புழு. இப்ப வந்திருக்கிறது தாங்குற புழு. அது பழைய செடியில உருவாகாது, புதுச் செடியிலதான் உருவாகும். நீங்களும் ஆளுக்கொரு வரிசை விட்டிருந்தா..."

"அப்ப தப்பு எங்க மேலயா?"

கொட்டகை இரைச்சலாகிவிட்டது. அவன் சொன்னது அக்கா வாயிலிருந்து வந்தால் விஞ்ஞானம். அவன் வாயிலிருந்து வந்தால் சால்ஜாப்பு. புழு இருந்த இடத்திலிருந்து புழு வந்தது என்பது குழந்தைக்கும் புரிகிற நியாயம். அதற்கு எதிராக அவன் என்ன சொல்லி என்ன?

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "எங்கண்ணன் கேட்டதுல என்னங்க தப்பு?"

அன்றே அக்காவுக்குப் போன் செய்தான். "நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்க்கா. உன் பேச்சைத்தான் கேப்பாங்க."

"அடுத்த வாரம் கம்பெனியே கூட்டம் போடுதுடா. நானும் மேடையில இருப்பேன். கவலைப்படாதே," என்றாள்.

கூட்டத்துக்குக் கூடம் நிரம்பி, வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். அவன் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தான். முதலில் மேனேஜர் பேசினார். விதையில் குறையே இல்லை, இயற்கையை யாரும் முழுசாகக் கட்டுப்படுத்த முடியாது என்றார். யாரோ எழுந்து, "அந்த வரிசையிலருந்துதான் புழு வந்துச்சா? அதை மட்டும் சொல்லுங்க," என்று கத்தினார். மேனேஜர் மைக்கை அக்காவிடம் நகர்த்தினார்.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். தம்பி இருந்த பக்கம் பார்க்கவில்லை.

"வரிசைங்கிறது நல்ல முறைதான். ஆனா அதைச் சரியாப் பராமரிக்கணும். எந்த எடத்துல வைக்கிறோம், எவ்வளவு தூரத்துல வைக்கிறோம்னு நிறைய இருக்கு. அப்படிச் சரியாப் பராமரிக்காத எடங்கள்ல புழு பெருகியிருக்க வாய்ப்பு இருக்கு."

பொய் என்று அடித்துச் சொல்ல முடியாத பேச்சு. உண்மை என்றும் சொல்ல முடியாது. கூடத்தில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பின. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அவன் அதன் நடுவில் நல்ல சட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அவளைப் பிடித்தான்.

"என்னக்கா இது?"

"இங்க வேண்டாம்டா. ராத்திரி போன் பண்றேன்."

"இங்கதான் சொல்லணும்."

அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வரிசை வைக்காதவங்களுக்கெல்லாம் விதையை வித்தது யாரு? நாங்க. வைக்கலைன்னு தெரிஞ்சே வித்தோம். நானே ரெண்டு தடவை ஆபீஸ்ல சொன்னேன், ஒருத்தரும் காதுல போட்டுக்கல. அதை இன்னிக்கு மேடையில ஒத்துக்கிட்டா அத்தனை பேரும் கேஸ் போடுவாங்க. முன்னாடி உக்காந்திருந்தாரே கண்ணாடி போட்டவரு, அவரு எங்க வக்கீல். எந்த வார்த்தை சொல்லணும்னு சொல்லிக் குடுத்தது அவருதான்."

"அதுக்கு என்னைக் காட்டிக் குடுத்தியா?"

"நான் உன் பேரைச் சொல்லலையேடா."

"இந்த ஊர்ல வரிசை வச்சவன் நான் ஒருத்தன்தான்க்கா. பேரு எதுக்கு?"

அவள் கார்க் கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் கூப்பிட்டார். போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தாமதமாகவில்லை. ஒரு காலையில் அவன் உரக்கடைக்குப் போய்த் திரும்பும்போது சாலையோரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. மச்சானும் இன்னும் நான்கைந்து பேரும் வரிசையை வெட்டிச் சாய்த்து, வேரோடு உழுது முடித்திருந்தார்கள். பூட்டியிருந்த வயல் கேட் உடைபடவில்லை. சாவியால் திறந்திருந்தார்கள். சாவி வீட்டில் ஒரே இடத்தில்தான் தொங்கும்.

"கோச்சுக்காதீங்க மாப்ள," என்றார் மச்சான், கையைத் தட்டிக்கொண்டு. "இதுக்கு மேல ஆளுங்களை என்னால பிடிச்சு நிறுத்த முடியாது. நானே பக்கத்துல நின்னு செஞ்சா உங்க நல்ல பயிராவது மிதிபடாதுன்னு பாத்தேன்."

வீட்டில் மனைவி சாப்பாடு எடுத்து வைத்தாள். அவன் சாவியைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள், அழுதால் அவன்தான் சமாதானப்படுத்தியிருக்க வேண்டும். அதற்கு அவனிடம் தெம்பு இல்லை.

மறு வாரம் அக்கா போன் செய்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்து எடுத்தான்.

"தம்பி, ஒரு உதவி வேணும்டா. உன் வரிசையிலருந்து கொஞ்சம் புழு பிடிச்சு அனுப்பு. இந்த வட்டாரத்துல எங்க எடுத்துப் பார்த்தாலும் தாங்குற புழுவாவே இருக்கு. தாங்காதது கொஞ்சமாவது மிச்சம் இருந்தாத்தான் அடுத்து என்ன பண்ணலாம்னு பாக்க முடியும். இருந்தா உன்கிட்டதான் இருக்கும்."

அவன் ஜன்னல் வழியாகச் சாலையோரத்தைப் பார்த்தான். "வரிசை இல்லக்கா. வெட்டி உழுதுட்டாங்க."

"ஐயோ. யாரு?"

"நீ மேடையில சொன்னதக் கேட்டவங்க."

"ஓரத்துல ஒரு செடி கூடவா..." என்று தொடங்கினாள். அவன் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் அழைத்தபோதெல்லாம் மனைவிதான் எடுத்துப் பேசினாள்.

அடுத்த பருவத்துக்குக் கம்பெனி இன்னொரு விதை கொண்டுவந்தது. இதில் ஒன்றுக்கு இரண்டு புரதங்கள். பழைய விதையையும் மூட்டைக்குள்ளேயே கலந்துவிட்டார்கள், இனி யாரும் தனி வரிசை வைக்க வேண்டியதில்லை. அந்த யோசனையை எழுதிக் கொடுத்தது அக்கா என்றும், அதற்காக அவளுக்குப் பதவி உயர்வு என்றும் மனைவி சொன்னாள். அவன் அந்த வருஷம் விதைக்கவில்லை. நிலத்தை மச்சானுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தானியக் கிடங்கில் எடை போடும் வேலைக்குப் போனான்.

அவன் நிலத்திலும் மச்சான் நிலத்திலும் பயிர் ஒரே சீராக, சாலையைத் தொட்டுக்கொண்டு எழுந்தது. சாலையிலிருந்து பார்த்தால் எங்கேயும் ஓர் ஓட்டை தெரியவில்லை. ஒரு மாலை இருவரும் அந்த வழியாக நடந்து வந்தபோது மனைவி நின்று பார்த்தாள்.

"இந்தத் தடவை பாத்தீங்களா? பேருக்குக்கூட ஒரு புழு இல்ல."

"முதல் விதை வந்தப்பவும் இல்லதான்."

"ஏங்க, உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அவன் அவளுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினான்.