குழாயடிச் சண்டை

பதினெட்டாவது மடக்கு நாற்காலியை விரிக்கும்போது மெக்கானிக்கின் கட்டைவிரல் நசுங்கியது. நாற்பது வருஷம் பேருந்து எஞ்சினுக்குள் கையை விட்டும் ஒரு கீறல் இல்லாமல் ஓய்வு பெற்றவர் அவர். உள்ளறையில், விடியற்காலையில் இறந்துபோன அத்தான் படுத்திருந்தார். உயிரோடு இருந்திருந்தால் எழுந்து வந்து, "நாற்காலி விரிச்சாச்சு, சரி மாப்ள. யாராவது உக்காந்தாங்களா?" என்று கேட்டிருப்பார்.

அதுதான் அத்தானின் தொழில். வெளிநாட்டு நிதியில் கிணறு வெட்டுகிற, பள்ளிக்கூடம் கட்டுகிற தொண்டு நிறுவனங்களின் ஊழியர்களுக்கு இருபத்தேழு வருஷம் பயிற்சி கொடுத்தார். கிணறு வெட்டினோம் என்று எழுதினால் அது வேலை. அதனால் யாருடைய நாள் எப்படி மாறியது என்று எழுதினால்தான் பலன். இந்த ஒன்றைப் புரியவைக்க அவர் சுவர்களில் ஒட்டிய வண்ணச் சீட்டுகளை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய்த் திரும்பலாம். வரும் வழியில் டீக்கும் நிறுத்தலாம். பல் பிடுங்கிய டாக்டரிடம், வாயில் பஞ்சோடு, பிடுங்கியது சரி, வலி போனதை எதை வைத்து அளப்பீர்கள் என்று கேட்ட மனுஷன். மெக்கானிக் இதற்குக் 'கட்டம் நிரப்புற வேலை' என்று பெயர் வைத்து, ஒரு விருந்து விடாமல் கிண்டல் செய்து வந்தார். அத்தானும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அக்கா ஒரு தாளோடு வந்தாள். தலையணைக்கு அடியில் இருந்ததாம். தன் சாவுக்கும் கட்டம் போட்டு வைத்திருந்தார். செயல்: வழியனுப்பும் பேச்சு. நேரம்: ஐந்து நிமிடம். பொறுப்பு: மாப்பிள்ளை. குறிப்பு: எத்தனை வகுப்பு எடுத்தேன் என்று சொல்லக் கூடாது. என்ன மாறியது என்று சொல்லவும். சான்று கட்டாயம்.

மெக்கானிக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

"நீ கிண்டல் பண்றப்பல்லாம் சிரிப்பாரு. வீட்டுக்கு வந்து, அவன் சொல்றதுதான் சரியோன்னு என்கிட்ட கேப்பாரு. எனக்குப் பதில் தெரியாதுடா தம்பி." தாளை அவர் சட்டைப்பையில் செருகினாள். "நாலு மணிக்கு மண்டபத்துல இரங்கல் கூட்டம். அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு கண்டுபிடி. நெஜமா நடந்தது. எனக்குத் தெரியணும்."

மெக்கானிக் மேசை இழுப்பறையில் நோட்டும் பேனாவும் தேடப் போனார்.

பத்து மணியிலிருந்து அத்தானிடம் பயிற்சி பெற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள். மெக்கானிக் நோட்டும் பேனாவுமாக வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மடக்கினார். மரம் நடும் நிறுவனத்தின் மேலாளர், சார் வகுப்பெடுத்த பிறகு பத்தாயிரம் கன்றில் எட்டாயிரம் பிழைத்தது என்றார். மெக்கானிக் பாய்ந்து எழுதினார். பக்கத்தில் இருந்த தடுப்பூசிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வருஷம் மழையும் நன்றாகப் பெய்ததே என்றார். மேலாளர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, பாதிப் பெருமை மழைக்குத்தான் என்று ஒப்புக்கொண்டார். மெக்கானிக் எழுதிய வரியை அடித்துவிட்டார். பிறகு தடுப்பூசிக்காரர் தன் கதையைச் சொன்னார். முகாமுக்கு வரும் குழந்தைகள் இரண்டு மடங்கானார்களாம். அதே மாதம்தானே உங்கள் பக்கம் புது ரோடு போட்டார்கள் என்று மேலாளர் திருப்பிக் கொடுத்தார். அதையும் அடித்தார். இரண்டு மணிக்குள், உலகத்தில் நடந்த நல்லது அத்தனையும் அத்தான் இல்லாமலே நடந்திருக்கும் என்று அழுத கண்ணோடு நிரூபித்துவிட்டார்கள்.

"செத்த மனுஷனுக்குக் கால் மார்க்காவது போடக் கூடாதாய்யா?" என்றார் மெக்கானிக்.

"அவர் சொல்லிக் குடுத்ததுதாங்க இது" என்றார் மேலாளர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பொய்யாப் போட்டா அவருக்கே பிடிக்காது."

மூன்றேகாலுக்கு ஒரு பெண் வந்தாள். நாலு பேருந்து மாறி வந்தவள். குடிநீர்த் திட்டத்தில் களப்பணியாளர். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். நோட்டைப் பார்த்ததும், எங்கள் திட்டம் தோற்றுப்போன கதைதான் இருக்கிறது, பரவாயில்லையா என்றாள். மெக்கானிக் அலுத்துப்போய்த் தலையாட்டினார். அக்காவும் வந்து கதவோரம் நின்றாள்.

நாற்பது கைப்பம்பு போட்டார்கள். மூன்று வருஷமும் அறிக்கையில் 'நாற்பது, இலக்கு எட்டப்பட்டது.' அத்தானின் வகுப்பு முடிந்த அடுத்த வாரத்திலிருந்து, அவள் ஒவ்வொரு பம்பின் பக்கத்திலும் ஒரு காலைப்பொழுது சும்மா உட்கார்ந்து பார்த்தாள். நாற்பதில் இருபத்தெட்டுக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. தண்ணீர் இரும்பாக நாறியதால் எல்லோரும் பழையபடி ஆற்றுக்கே நடந்தார்கள். அதை அப்படியே எழுதினாள். நிறுவன இயக்குநர் அந்த வரியை அழிக்கச் சொன்னார்.

"ராத்திரி பூரா அழுதேன். காலையில ஐயாவுக்கு போன் பண்ணேன். அனுப்புன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. 'நாளைக்கு அவங்க எந்தத் தண்ணியம்மா குடிப்பாங்க?'ன்னு மட்டும் கேட்டாரு. அனுப்பிட்டேன்."

நிதி கொடுத்தவர்கள் ஒரு மாதம் குதித்தார்களாம். பிறகு வடிகட்டி வைக்க இன்னொரு வருஷம் கொடுத்தார்கள்.

மேலாளர் வாயைத் திறந்தார். அவர் கேட்கும் முன்பே அவள் சொன்னாள்: "அவர் இல்லேன்னா அழிச்சிருப்பேங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க, வேலை போயிடும்னு பயம்."

மேலாளர் தடுப்பூசிக்காரரைப் பார்த்தார். தடுப்பூசிக்காரர் நோட்டைக் காட்டி, எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

"சான்று இருக்காம்மா?" என்றார் மெக்கானிக்.

அவள் கைப்பேசியை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டாள். வடிகட்டி வைத்த பம்பு, நீண்ட வரிசை, குடங்கள். இரண்டு பெண்கள், யார் முதலில் என்று ஊரே அதிரச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி குடத்தை ஆயுதம்போல் தூக்கினாள்.

"யாரும் வராத குழாய்ல சண்டை வராதுங்களே" என்றாள்.

அக்கா கைப்பேசியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறை, குடம் மேலே போகும் இடத்தில், விடியற்காலையிலிருந்து இறுகியிருந்த அவள் வாய் தளர்ந்தது.

மண்டபத்தில் மெக்கானிக் முழு ஐந்து நிமிடமும் எடுத்துக்கொள்ளவில்லை. பம்பைச் சொன்னார், அழிக்காத வரியைச் சொன்னார், சண்டையைச் சொன்னார். கட்டம் நிரப்புகிற வேலை என்று தான் சொன்னது தப்பு என்றும் சொன்னார். அதற்குச் சான்று கேட்காதீர்கள் என்று சொல்லி இறங்கிவிட்டார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, கூட்டத்தின் நடுவே பிடித்த மழை விட்டிருந்தது. மண்டபத்து வாசல் ஈரமண்ணில் அந்தப் பெண் குடை நுனியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏழு பம்புக்கு ஆள் வரவில்லையாம். இது மேடு, இது வீடுகள், இது ஆற்றுக்குப் போகிற வழி என்று காட்டினாள். மேலாளரும் தடுப்பூசிக்காரரும் குனிந்து நின்று ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். காருக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா நின்றாள். பிறகு, மண்ணில் கிழித்திருந்த வீடுகளை மிதிக்காமல் சுற்றி வந்து, ஆற்றுப் பக்கமாக நின்றுகொண்டாள்.

மெக்கானிக் கார்க் கதவைச் சாத்திவிட்டுக் காத்திருந்தார்.